டர்பைனுக்குள் பார்த்த கண்கள்

எங்கள் திருவாதவூர்க் கண்மாய்க்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர், வயலைத் தொடுமுன் ஒரு மின்நிலையத்தைக் கடந்துதான் வருகிறது. மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை அணையில் தேக்கி, மலையைக் குடைந்து, 1895இல் கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுவிக். அதற்குப் பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் அந்தத் தண்ணீர் மலைச்சரிவில் சும்மா இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. 1950களின் பிற்பகுதியில்தான் லோயர்கேம்பில் மின்நிலையம் வந்தது. குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மேலிருந்து கீழே இறங்கும் நான்கு பெருங்குழாய்கள். அடியில் நான்கு டர்பைன்கள், கட்டியபோது தலைக்கு 35 மெகாவாட். அவற்றைச் சுற்றிவிட்ட தண்ணீர் கூடலூர், கம்பம் வழியாக ஓடி வைகையில் கலந்து, வைகை அணையில் தங்கி, பேரணையில் பிரதான கால்வாய்க்குள் திரும்பி, கள்ளந்திரியைத் தாண்டி மேலூர்ச் சீமைக்கு வருகிறது. எங்களுடையது ஒருபோகப் பாசனம். கால்வாயில் தண்ணீர் விடும் தேதி தெரிந்தால்தான் நாற்றங்காலைப் பற்றியே பேச முடியும்.

என் அப்பத்தாவுக்கு அந்த மின்நிலையத்தின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. நான் இன்ஜினீயரிங் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டார்: "கரண்டை எடுத்துட்டுல்ல விடுறாங்க, அந்தத் தண்ணியில சத்து இருக்குமா தாயி?"

பயிருக்கு வேண்டிய சத்தில் ஒன்றும் குறையாது, டர்பைன் எடுத்துக்கொள்வது தண்ணீர் விழுந்த உயரத்தை மட்டும்தான் என்று சொன்னேன். பதில் சரி. ஆனால் கேள்வி அந்தப் பதிலைவிடப் பெரியது என்பது வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. தண்ணீரிடமிருந்து இயந்திரம் எதை எடுக்கிறது? எடுத்ததில் எவ்வளவு தண்டுக்குப் போகிறது, எவ்வளவு சுழலாகவும் சூடாகவும் வீணாகிறது? எந்த இடத்தில் வீணாகிறது? முப்பத்தைந்து மெகாவாட் இயந்திரத்தில் ஒரு சதவீதம் என்பது 350 கிலோவாட். ஒரு சிற்றூரே விளக்கேற்றிக்கொள்ளலாம். பம்ப், டர்பைன், கம்ப்ரஸர் என்று சுழலும் இயந்திரங்களின் வயிற்றுக்குள் இந்தக் கேள்வியோடு எட்டிப்பார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது.

அந்த வேலைக்குத் தொழிலில் போஸ்ட்-பிராசசிங் என்று பெயர். இயந்திரத்துக்குள் பாயும் நீரையோ காற்றையோ கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் அழுத்தம், மூன்று திசை வேகம், கொந்தளிப்பின் அளவு எல்லாவற்றையும் கணக்கிடுவது சி.எஃப்.டி. கணக்கு முடிந்ததும் வட்டில் கிடப்பது எண்களின் மலை. அந்த மலையில் எங்கே வெட்டுவது, எதைக் கூட்டுவது, எதை எதால் வகுப்பது, எதைப் படமாகப் போடுவது என்று முடிவு செய்கிறவர்தான் கடைசியில் "இந்த பம்ப் இத்தனை மீட்டர் ஏற்றும், இந்த பிளேடின் நுனியில் நஷ்டம்" என்று சொல்கிறார். கணக்குப் போடும் மென்பொருளின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தப் பார்வையின் வரலாற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஏனென்றால், இன்று திரையில் வண்ணவண்ணமாகத் தெரியும் படங்களில் ஏறக்குறைய எல்லாமே கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்தவை. அவற்றை யார், எந்தக் கஷ்டத்துக்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமல் பயன்படுத்தினால் ஏமாந்துபோவோம்.

கணித மேதை ஆய்லரிலிருந்து தொடங்க வேண்டும். 1750களில் அவர் நீர்ச்சக்கரங்களைப் பற்றி எழுதியபோது ஒரு துணிச்சலான காரியம் செய்தார். சக்கரத்துக்குள் தண்ணீர் எப்படியெல்லாம் நெளிகிறது என்பதை அப்படியே விட்டுவிட்டார். உள்ளே நுழையும்போது தண்ணீருக்கு எவ்வளவு சுழற்சி, வெளியே வரும்போது எவ்வளவு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தண்டில் கிடைக்கும் முறுக்கு. அவ்வளவுதான். இன்றைக்கும் ஒரு டர்பைன் கணக்கை முடித்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நுழைவாயிலில் ஒரு வெட்டு, வெளிவாயிலில் ஒரு வெட்டு, இரண்டிலும் சுழற்சியின் சராசரி. அதிலிருந்து வரும் முறுக்கும், பிளேடுகளின் மேல் அழுத்தத்தைக் கூட்டினால் வரும் முறுக்கும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் மேற்கொண்டு படம் எதுவும் போடாமல் கணக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும். இருநூற்றெழுபது வருடப் பழைய சோதனை இது. இன்னும் இதைவிட நல்லது வரவில்லை.

அடுத்த பெயர் வூ சுங்-ஹுவா. சீனாவில் பிறந்தவர், அமெரிக்காவில் நாகா என்ற பழைய விமான ஆய்வு அமைப்பின் கிளீவ்லாந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தார். சுழலும் பிளேடுகளுக்கு நடுவே ஓட்டத்தை முப்பரிமாணத்தில் கணக்கிட அன்று எந்தக் கருவியாலும் முடியாது. 1952இல் வெளியிட்ட அறிக்கையில் அவர் ஒரு வழி சொன்னார். ஓட்டத்தை இரண்டு வகை மேற்பரப்புகளாகப் பிரி. ஒரு வகை, ஒரு பிளேடிலிருந்து அடுத்த பிளேடுக்கு வளைந்து போவது. இன்னொரு வகை, நடுத்தண்டிலிருந்து வெளிக்கூடு வரை நிற்பது. ஒவ்வொன்றிலும் இருபரிமாணக் கணக்கைப் போடு. ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடு. இரண்டும் ஒத்துப்போகும் வரை மாற்றி மாற்றிச் செய். பிறகு அவர் சீனாவுக்கே திரும்பிப் போய்விட்டார். அவருடைய வழி உலகம் முழுதும் ஜெட் இன்ஜின் வடிவமைப்பில் பல பத்தாண்டுகள் நின்றது.

இன்று முழு முப்பரிமாணக் கணக்கும் மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு ராத்திரியில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் எந்த டர்போ மென்பொருளைத் திறந்தாலும் "பிளேடுக்குப் பிளேடு", "மெரிடியனல்" என்ற இரண்டு பார்வைகள் முதல் வரிசையில் நிற்கின்றன. அவை வூவின் மேற்பரப்புகள்தான். வசதியில்லாத காலத்தில் செய்துகொண்ட சமரசம் நமக்குக் கண்ணாகிவிட்டது. நல்ல கண் என்றுதான் சொல்வேன். உயரத்தில் பாதி மட்டத்தில் வெட்டி விரித்துப் பார்த்தால் தண்ணீர் பிளேடை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் பிளேடின் நுனிக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் கசிந்து, பக்கத்துப் பாதைக்குள் சுருண்டு நுழையும் ஓட்டம் இந்த இரண்டு வெட்டிலும் சரியாக அகப்படாது. அது வூவின் மேற்பரப்புகளை மதித்து ஓடுவதில்லை. நஷ்டத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்றால், பழகிய பார்வையை மட்டும் நம்புகிறவர் அதைத் தவறவிடுவார்.

மற்ற கண்கள் சோதனைக்கூடத்திலிருந்து வந்தவை. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சாயக் கோட்டை ஓடவிட்டு, அது நேராகப் போவதையும், வேகம் கூடியதும் உடைந்து கலங்குவதையும் காட்டினார். இப்போது திரையில் ஸ்ட்ரீம்லைன் என்ற ஓட்டக்கோடு விடுகிறோமே, அது அந்தச் சாயக்கோட்டின் பேத்தி. பிளேடின் மேல் எண்ணெயில் குழைத்த வண்ணப்பொடியைப் பூசிக் காற்றைச் செலுத்தினால், ஓட்டம் பிளேடை விட்டுப் பிரியும் இடத்தில் வண்ணம் ஒரு கோடாகச் சேர்ந்து நிற்கும். அந்தக் கோட்டைத்தான் இன்று மென்பொருளில் சுவரோர ஓட்டக்கோடுகளாக வரைகிறோம். கான்டூர் என்ற சமக்கோடு இன்னும் பழசு. எட்மண்ட் ஹேலி 1701இல் அட்லாண்டிக் கடலில் திசைகாட்டியின் விலகல் சமமாக உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து ஒரு வரைபடம் வெளியிட்டார். அழுத்தத்துக்கு நாம் போடும் சமக்கோடுகள் அந்த மாலுமிப் படத்தின் வழிவந்தவை.

தமிழ்நாட்டில் இந்தக் கண்கள் எப்போது திறந்தன? 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. தொடங்கியது. அங்கே நீர் டர்போ இயந்திரங்களுக்கும், நீராவி, காற்று டர்போ இயந்திரங்களுக்கும் தனித்தனி ஆய்வகங்கள் அமைந்தன. 1973இல் ஐ.பி.எம். 370/155 வந்தது. அன்று இந்தியக் கல்விக்கூடங்களில் இருந்த கம்ப்யூட்டர்களில் அது மிகப் பெரியவற்றில் ஒன்று. 1980களில் நான் அங்கே முதுநிலை படித்தபோதும் அதில்தான் வேலை செய்தோம். ஃபோர்ட்ரானில் எழுதிய நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்துவிட்டு வந்தால், விடை காகிதமாகத் திரும்பி வரும்.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. வரி அச்சு இயந்திரம் ஒரு வரியில் 132 எழுத்து அடிக்கும். படம் வரையத் தெரியாது. ஆகவே அழுத்தத்தைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, குறைந்ததற்கு ஓர் எழுத்து, கூடியதற்கு இன்னோர் எழுத்து என்று அடிக்கச் சொல்வோம். நீள அகலமாகக் காகிதத்தைத் தரையில் விரித்து, எழுந்து நின்று பார்த்தால் எழுத்துக்கூட்டம் கருப்பும் வெளுப்புமாகத் திரண்டு, பிளேடைச் சுற்றி ஓர் உருவம் தெரியும். பிறகு குனிந்து உட்கார்ந்து, ஒரே எழுத்து முடிகிற இடங்களைப் பென்சிலால் இணைப்போம். ஒரு கான்டூர் வரைய அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் ஒவ்வோர் எண்ணும் கண்ணில் பட்டுவிடும். ஒரு கட்டத்தில் அழுத்தம் திடீரென்று எகிறியிருந்தால் பென்சில் அங்கே நின்றுவிடும். பிழை கணக்கிலா, கட்டத்தின் வடிவத்திலா, அல்லது உண்மையிலேயே அங்கே ஏதாவது நடக்கிறதா என்று அப்போதே விவாதம் தொடங்கும். அந்த விவாதங்களில் நான் கற்றது வகுப்பில் கற்றதைவிட அதிகம். என்னோடு இருந்த சீனியர் ஒருவர் சொல்வார்: "படம் அழகா வந்தா சந்தேகப்படும்மா. எண்ணு சரியா வந்தா நம்பு."

கலிஃபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் அதே 1980களில் பிளாட்-3டி என்ற மென்பொருள் உருவானது. பீட்டர் பியூனிங் எழுதியது. கட்டங்கள் ஒரு கோப்பில், விடை இன்னொரு கோப்பில். விடைக் கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஐந்து எண்: அடர்த்தி, மூன்று திசை உந்தம், ஆற்றல். அழுத்தம், வேகம் போன்ற மற்றவற்றை இந்த ஐந்திலிருந்தே வருவித்துக்கொள்ளலாம். கணக்கிடும் மென்பொருள் வேறு, பார்க்கும் மென்பொருள் வேறு என்ற பிரிவினை அங்கேதான் உறுதியானது. அந்தக் கோப்பு வடிவத்தை இன்றைய மென்பொருள்கள்கூடப் படிக்கின்றன. 1987இல் அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் லாரென்சனும் கிளைனும் எண்களின் மலைக்குள்ளிருந்து ஒரே மதிப்புள்ள பரப்பைப் பிடித்து முக்கோணங்களாக வரையும் வழியை வெளியிட்டார்கள். மருத்துவ ஸ்கேனில் எலும்பைத் தனியே காட்டச் செய்த வேலை அது. சில ஆண்டுகளில் எங்கள் துறையில் சுழல்களைப் பிடிக்க அதுவே கருவியாயிற்று. பிறகு டெக்பிளாட், ஃபீல்டுவியூ, என்சைட், இலவசமாகக் கிடைக்கும் பாராவியூ என்று வரிசையாக வந்தன. சுழல் இயந்திரங்களுக்கென்றே கனடாவில் வளர்ந்த டாஸ்க்ஃப்ளோ, பெல்ஜியத்தின் நியூமெக்கா போன்றவை பிளேடு எண்ணிக்கை, சுழற்சி அச்சு எல்லாவற்றையும் தாமாகவே புரிந்துகொண்டன.

வண்ணமும் இந்தக் காலத்தில்தான் வந்தது.  நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடியும் அந்த வானவில் வரிசைக்கு மாட்லாப் மென்பொருளில் ஜெட் என்று பெயர். விண்வெளியில் பீறிடும் பாய்ச்சலை இல்லினாய்ஸில் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் கணக்கிட்டபோது புழங்கிய வண்ண வரிசை அது என்பார்கள். பார்க்கக் கவர்ச்சியாக இருந்ததால் உலகமே எடுத்துக்கொண்டது. அதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. எண் சீராக ஏறிக்கொண்டே போகும்போது வண்ணம் சீராக ஏறுவதில்லை. மஞ்சளில் பளிச்சென்று ஒரு பட்டை தோன்றும். அந்த இடத்தில் ஓட்டத்தில் ஒன்றுமே நடந்திருக்காது. கண்தான் அங்கே விளிம்பைப் பார்க்கிறது. பச்சைப் பகுதி நெடுக ஒரே மாதிரி தெரியும். அங்கே உண்மையில் பெரிய மாற்றம் மறைந்திருக்கும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண்ணுடையவர்களுக்கோ படமே பொருளற்றுப் போகும். 2007இல் போர்லாண்டும் டெய்லரும் இந்த வரிசையைக் கைவிடச் சொல்லி ஒரு கட்டுரையே எழுதினார்கள். 2014இல் மாட்லாப் தன் இயல்பு வண்ணத்தை மாற்றியது. அடுத்த ஆண்டு, வேறொரு மென்பொருளில், வெளிச்சம் சீராக ஏறும் விரிடிஸ் என்ற வரிசை வந்தது. ஆனாலும் எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் இன்னும் சிவப்பைக் கேட்கிறார். சிவப்பு இருந்தால்தான் அங்கே ஏதோ ஆபத்து என்று நம்புகிறார். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் விரிடிஸில் போட்ட ரிப்போர்ட்டை "மங்கலாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். எண் அப்படியே இருக்க, வண்ணத்தை மட்டும் மாற்றி அனுப்பியதும் பாராட்டு வந்தது. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

வண்ணத்தைவிட ஆழமான பள்ளம் சராசரியில் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பம்பின் வெளிவாயில். எங்கும் அழுத்தம் 4 பார். பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கில் தண்ணீர் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. மீதி இருபது பங்கில், ஓட்டம் சுவரை விட்டுப் பிரிந்த மூலையில், நொடிக்கு 2 மீட்டர்தான். வேகத்தையும் சேர்த்த மொத்த அழுத்தம் முதல் பகுதியில் 4.5 பார், இரண்டாவதில் 4.02 பார். பரப்பை வைத்துச் சராசரி எடுத்தால் 4.40 பார். ஓடும் தண்ணீரின் அளவை வைத்து எடுத்தால் 4.48 பார். வித்தியாசம் முக்கால் மீட்டர் உயரம். ஒன்றரை சதவீதத்துக்கும் சற்று மேல். கணக்கு ஒன்று, ஓட்டம் ஒன்று, பம்பும் ஒன்று. மென்பொருளின் பட்டியலில் எந்தச் சராசரியைத் தேர்ந்தெடுத்தோம் என்பது மட்டும் பம்பின் தலையெழுத்தை மாற்றிவிடுகிறது. கோயம்புத்தூரில் ஒரு பம்பின் திறனை ஒரு சதவீதம் உயர்த்த ஒரு பட்டறை எத்தனை வார்ப்புகளை உடைத்துப்போடும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கம்ப்ஸ்டியும் ஹார்லாக்கும் 2006இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார்கள். எந்தச் சராசரியும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. எதற்காக எடுக்கிறாய் என்று முதலில் சொல், பிறகு எடு என்பதே அதன் சாரம். எங்கள் தொழிலில் வந்த கட்டுரைகளில் நான் மிக அதிகம் பேருக்குப் படிக்கக் கொடுத்தது அதைத்தான்.

1994இல் ஹேக் நகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாசா சோதித்துப் பார்த்திருந்த ஒரு கம்ப்ரஸர் ரோட்டர், எண் 37. முப்பத்தாறு பிளேடு, நிமிடத்துக்கு 17,188 சுற்று. வடிவத்தை எல்லாருக்கும் கொடுத்து, அளந்த விடையை மறைத்துவைத்து, உங்கள் மென்பொருளில் கணக்கிட்டுக் கொண்டு வாருங்கள் என்று அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கம் அழைத்தது. வந்த விடைகளை ஒரே தாளில் வரைந்தபோது கோடுகள் விசிறியாக விரிந்தன. அதிலும் நடுத்தண்டை ஒட்டிய பகுதியில், அளவீடு காட்டிய அழுத்தக் குறைவைப் பல மென்பொருள்கள் காணவே இல்லை. சுழலும் பகுதிக்கும் நிற்கும் பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கில் கசிந்த காற்று காரணமாக இருக்கலாம் என்று பிறகு சிலர் விளக்கினார்கள். கேம்பிரிட்ஜின் ஜான் டென்டன் அந்த அனுபவத்தின் பாடங்களைத் தனிக் கட்டுரையாக 1997இல் எழுதினார். எங்கள் துறையில் எல்லாரும் ஒரே மேசையில் விடைத்தாளை விரித்து வைத்த அரிய நாள் அது. அதற்குப் பிறகுதான் "எந்த இடத்தில் வெட்டி, எப்படிச் சராசரி எடுத்தாய்" என்ற கேள்வி மரியாதையான கேள்வியாயிற்று.

2000க்குப் பிறகு இந்த வேலை பெருமளவில் நம் பக்கம் வந்தது. ஜி.இ. அந்த ஆண்டில் பெங்களூருவில் ஆய்வு மையம் திறந்தது, மற்றவர்களும் வந்தார்கள். உலகில் எங்கோ பறக்கும் இன்ஜினின் பிளேடை மதுரையிலும் நெல்லையிலும் படித்த பிள்ளைகள் திரையில் வெட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வெட்டும் இடம், சராசரியின் வகை, வண்ணத்தின் எல்லை எல்லாம் முன்பே எழுதிய ஒரு சிறு நிரலில் அடைக்கப்பட்டு வருகின்றன. பொத்தானை அமுக்கினால் எண்பது பக்க ரிப்போர்ட் விழுகிறது. அந்த நிரலை எழுதியவர் ஏன் அந்த இடத்தில் வெட்டினார் என்பதை அதோடு யாரும் அனுப்புவதில்லை. அது ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்காக, ஒரு குறிப்பிட்ட சோதனைக் கருவி பொருத்தியிருந்த இடத்துக்காகச் செய்த முடிவாக இருக்கும். நம் பிள்ளைகள் அதை வேறொரு பம்பில் அப்படியே பயன்படுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

இப்போது என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் வாரம் படமே போட விடுவதில்லை. ஆய்லரின் முறுக்கும் பிளேடின் முறுக்கும் ஒத்துப்போகிறதா என்று எண்ணாக எழுதிக் கொண்டு வரச் சொல்கிறேன். உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்த தண்ணீரும் சமமா என்று பார்க்கச் சொல்கிறேன். பிறகு ஒரே வெட்டில் பரப்புச் சராசரியும் ஓட்டச் சராசரியும் எடுத்து, ஏன் மாறுகிறது என்று அரைப்பக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ, எது வசதியோ அதில் எழுதச் சொல்கிறேன். அதன் பிறகுதான் கான்டூர். அதுவும் முதலில் கோடாக மட்டும், வண்ணம் இல்லாமல், ஒவ்வொரு கோட்டின் மேலும் அதன் எண் தெரியும்படி. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் நான்கு விவரம் இருந்தே ஆக வேண்டும்: எந்த இடத்தில் வெட்டியது, எதைக் கொண்டு சராசரி எடுத்தது, வண்ண அளவுகோலின் கீழ் எல்லையும் மேல் எல்லையும், அந்த எல்லைகளைத் தேர்ந்தெடுத்தவரின் பெயர்.